உடன் வந்தவர்

ஜூன் 4, புதன்

சுண்டுவுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். காலையில் எழுந்து பார்த்தால் உன் படுக்கை மடித்து வைத்திருக்கிறது, பையைக் காணோம், பிடில் பெட்டியையும் காணோம். குளிக்கப் போயிருப்பாய் என்று நினைத்தேன். குளிக்கப் போகிறவள் பிடிலை எதற்குத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று அப்புறம்தான் உறைத்தது. வாசல் காவல்காரர் சொல்கிறார், "அந்தம்மா மொத பஸ்ஸுக்கே போயிட்டாங்களே, உங்ககிட்ட சொல்லலையா?" என்று. "சொன்னா, சொன்னா, நான்தான் தூக்கக் கலக்கத்துல மறந்துட்டேன்" என்று சமாளித்தேன். என் சொந்த நாத்தனார் எங்கே போனாள் என்று காவல்காரர் சொல்லித் தெரிந்துகொள்கிற நிலைமை எனக்கு.

போன் அடித்து அடித்து விரல் தேய்ந்துபோனது. எடுக்க மாட்டேன் என்கிறாய். உன் அண்ணனுக்கு அடித்தால், "உங்க ரெண்டு பேர் பஞ்சாயத்துல என்னை இழுக்காத, அடுப்புல பால் பொங்குது" என்று வைத்துவிட்டார். முகாம் நடக்கிற இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பால் கொண்டுவருகிறவர் நம் தெருவுக்கும் ஊற்றுகிறாராம். காலையும் சாயங்காலமும் வருகிறார். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்ற கை, கோணலாக இருந்தால் நேராக்கிப் படித்துக்கொள்.

இங்கே எல்லாரும் உன்னைக் கேட்டார்கள். தலைவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். திரும்பி வரும்போது தலையைப் பிடித்துக்கொண்டே வா.

நீ போய்விட்டால் பிடில் வகுப்பு நின்றுவிடும் என்று நினைத்தாயோ என்னவோ, நிற்கவில்லை. வந்திருக்கிறவர்களில் பாதிப் பேர் பெரிய வேலையில் இருக்கிறவர்கள், லீவு போட்டு வந்திருக்கிறார்கள், நம் மெட்டுகளைக் கற்றுக்கொள்ள. போனில் ஏதோ ஒரு முள்ளைப் பார்த்துப் பார்த்து சுருதி சேர்க்கிறார்கள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. இன்றைக்கு ஒரு வாளியைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, "எல்லார் போனும் இதுக்குள்ள போடுங்க. என் பிடிலைக் கேளுங்க, அதுக்குச் சேத்துக்குங்க" என்றேன். அத்தனை பிடிலும் என் பிடிலுக்குச் சேர்ந்தன. அந்தச் சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும்.

என் தந்தி மட்டும் வில்லுக்குக் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. ராத்திரி மழை பெய்ததே, அந்த ஈரம். வகுப்பில் அதையும் சொன்னேன். கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி இருக்கிறாளே, அவள் அதை எழுதிக்கொண்டாள்.

உன் கழுத்து அட்டையை என் பிடில் தலையில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாய். பத்திரமாக வைத்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் சாப்பாட்டுக் கூடத்தில் விடமாட்டார்கள்.

பதினாலாம் தேதி சனிக்கிழமை முகாம் நிறைவு விழா. நாம் இரண்டு பேரும் வழியனுப்பு மெட்டு வாசிக்கிறோம் என்று சொல்லியாகிவிட்டது. கீழ் ஸ்தாயியில் நீ கூட வாசிக்கிற கீழ்ப்பாட்டு இல்லாமல் அது பாதி மெட்டு. ஞாபகம் இருக்கட்டும்.

கோபமா? கோபப்படும்படி என்ன நடந்தது?

உன் அண்ணி


ஜூன் 6, வெள்ளி

அண்ணி,

எனக்குத் தலைவலி இல்லை.

போனில் பேசினால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். நான் தொடங்குவதை நீங்கள் முடிப்பீர்கள், நான் சொல்ல வந்ததே அதுதான் என்று நானும் நம்பிவிடுவேன். காகிதத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை.

என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது தண்ணீர் கேட்டீர்கள். எடுத்துவரப் போனேன். திரும்பி வரும்போது அந்தக் கண்ணாடிப் பெண் உங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாள், "டீச்சர், உங்ககூட ஒருத்தங்க இருக்காங்களே, அவங்களும் வாசிப்பாங்களா?" நீங்கள் சொன்னீர்கள், "அவளா? ஏதோ கூடச் சேர்ந்து இழுப்பா. எனக்குத் தனியா வர ஒரு மாதிரி இருந்துச்சு, துணைக்குக் கூட்டிட்டு வந்தேன்."

மேஜையில் எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தேன். வைத்துவிட்டுப் போனேன். குடித்தீர்களா?

அட்டையை முதல் நாளே படித்தேன். உங்களுடையதில் "ஆசிரியர்" என்று போட்டிருந்தது. என்னுடையதில் "உடன் வந்தவர்". அச்சடித்தவர்கள் தப்பு என்றுதான் நினைத்தேன். அமைப்பாளர் அம்மாவிடம் போய்க் கேட்டேன், வெட்கத்தை விட்டு. "போன்ல உங்க அண்ணிகிட்ட கேட்டுத்தாம்மா போட்டோம்" என்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரில் ஒட்டியிருந்த வாய்ப்பாட்டைப் படித்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து உங்கள் பிடிலுக்கும் நான்தான் சுருதி சேர்த்துக் கொடுக்கிறேன். எந்த மேடையானாலும் முதலில் இரண்டு பிடிலையும் ஒரு மூலைக்கு எடுத்துப்போய், காதைப் பெட்டிமேல் வைத்து, தந்தியை முறுக்குகிற பிருடையைத் திருகி, உங்களுடையதை நீட்டுவேன். வாங்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள், கை மட்டும் நீளும். அது எனக்குக் குறையாகவே தெரிந்ததில்லை. ஒரு வீட்டில் ஒருத்தி சமைப்பாள், ஒருத்தி பரிமாறுவாள் என்பதுபோல எடுத்துக்கொண்டேன். பரிமாறுகிறவள் சமைத்தவளைத் "துணைக்கு வந்தவ" என்று சொல்வாள் என்று நினைக்கவில்லை.

உங்கள் பிடில் எப்படி இருக்கிறது? ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லையா?

சுண்டு


ஜூன் 7, சனி

சுண்டு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோணல் எழுத்து இல்லையே, முத்து முத்தாக எழுதி முகத்தில் அறைந்திருக்கிறாய்.

துணைக்கு வந்தவள் என்று சொன்னது அத்தனை பெரிய குற்றமா? தனியாக வர எனக்குப் பயமாக இருந்தது நிஜம்தானே. அத்தனை படித்தவர்கள் நடுவில் உட்கார்ந்து சாப்பிடும்போது ஏதாவது சிரிக்கச் சொல்ல வேண்டியிருந்தது, வாயில் உன் பேர் வந்துவிட்டது. அட்டை விஷயமும் அப்படித்தான். அமைப்பாளர் அம்மா போனில் "எத்தனை ஆசிரியர்?" என்றார்கள். "நான்தான்" என்றேன். சும்மா வாயில் வந்தது. "கூட யாராவது வர்றாங்களா?" என்றார்கள். "என் நாத்தனார் கூட வர்றா" என்றேன். அவர்கள் அதை அப்படியே அச்சடிப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே நன்றாக இல்லை. அடித்துவிட்டால் அசிங்கமாகத் தெரியும், இருக்கட்டும்.

தண்ணீர் குடித்தேன். யார் வைத்தது என்று பார்க்கவில்லை.

பிடிலுக்கு என்ன, நன்றாக இருக்கிறது. திங்கட்கிழமை நம் வகுப்பும் பாட்டு வகுப்பும் சேர்ந்து ஒத்திகை. பாட்டு சொல்லிக் கொடுக்கிற ஆர்மோனியக்காரர் இருக்கிறாரே, யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர், உன்னை விசாரித்தார். "ரெண்டாவது பிடில் அம்மா எங்கே?" என்று கேட்டார். அவர் ஒருவர்தான் உன்னை அப்படிச் சொன்னார்.

அண்ணி


ஜூன் 9, திங்கள்

சுண்டு,

நீ பதில் போடுகிற வரைக்கும் காத்திருக்க முடியவில்லை. எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதே.

ஒத்திகை பெரிய கூடத்தில். பாட்டு வகுப்புக்காரர்கள் பாட, ஆர்மோனியக்காரர் பெட்டியில் கை வைக்க, நாங்கள் வில்லைப் போட்டோம். இரண்டு லாரி நேருக்கு நேர் வந்த மாதிரி இருந்தது. பாடுகிறவர்கள் பாதியில் வாயை மூடிக்கொண்டார்கள். "ஒரு கட்டை இறக்கிப் பாருங்க" என்றார் யாரோ. இறக்கினார். அதுவும் ஒட்டவில்லை. ஏற்றினார். அதுவும் ஒட்டவில்லை. எந்தக் கட்டையை அழுத்தினாலும் நம் பிடில் இரண்டு கட்டைக்கும் நடுவில் எங்கேயோ நின்றது.

அமைப்பாளர் அம்மா எங்கள் பக்கம் பார்த்தார்கள். அத்தனை பிடிலும் ஒன்றோடொன்று நூல் பிடித்த மாதிரி சேர்ந்திருந்தது. தனியாக நின்றது அந்த ஒரு பெட்டிதான். "ஐயா, உங்க பெட்டி பழசாயிடுச்சு போல" என்றார்கள், தன்மையாகத்தான் சொன்னார்கள். அவர் பெட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "இருக்கலாம்மா, மழையில வந்துச்சு" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன், சுண்டு. பெரிய வைத்தியர் நோயாளியைப் பார்த்து ஆட்டுகிற மாதிரி ஆட்டினேன்.

மத்தியானம் முழுக்க அவர் தாழ்வாரத்தில் துண்டை விரித்து, பெட்டியைக் கழற்றி, ஒவ்வொரு திருகாணியாக வரிசையாக வைத்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் கை கழுவ அந்த வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன்.

குழாயடியில் கண்ணாடிப் பெண் பக்கத்தில் வந்து நின்று, "டீச்சர், கோச்சுக்காதீங்க. ஆர்மோனியம் சரியாத்தான் இருக்கு. வாளியில இருந்து என் போனை எடுத்து வச்சுப் பாத்தேன். நாமதான் எல்லாரும் இறங்கி இருக்கோம்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காது இருக்கிறவ போனைப் பாக்க மாட்டா" என்றேன். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போனாள்.

அவள் சொன்னதுதான் நிஜம். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஒரு தந்தியை இன்னொரு தந்தியோடு சேர்க்க எனக்குத் தெரியும். முதல் தந்தியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று தெரியாது. என்றைக்குமே தெரிந்ததில்லை. தெரிய வேண்டியிருக்கவில்லை, நீ இருந்தாய்.

அதனால் ஒன்று செய். நாளைக்குக் காலை பால் வண்டியிலேயே ஏறி வா. எல்லாரும் எழுவதற்கு முன்னால் என் பிடிலைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு அதே வண்டியில் திரும்பிவிடு. நான் வகுப்பில் மறுபடி எல்லாரையும் என் பிடிலுக்குச் சேர்க்கச் சொல்வேன். யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆர்மோனியக்காரரும் தன் பெட்டி சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படுவார்.

வருவாய்தானே?

அண்ணி


ஜூன் 10, செவ்வாய்

அண்ணி,

வரமாட்டேன். பின்வாசல் வழியாக வந்து வேலையை முடித்துவிட்டு யாரும் பார்ப்பதற்குள் போய்விடு என்கிறீர்கள். போன செவ்வாய்க்கிழமை வாயால் சொன்னதை இப்போது எழுத்தில் கொடுத்திருக்கிறீர்கள். நீங்கள் அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் ஒரு காரியம் கேட்கிறேன். அவரிடம் போய்ப் பெட்டியில் குறை இல்லை என்று சொல்லிவிடுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள். காரணம் கேட்காதீர்கள். ஒரு மனிதர் தன் பெட்டியைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று படித்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை.

சுண்டு


ஜூன் 11, புதன்

சுண்டு,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்ததும் கோபம் வந்தது. இவள் யார் எனக்குப் புத்தி சொல்ல என்று மடித்து வைத்தேன். காலையில் வகுப்புக்குப் போகும்போது அவர் இன்னும் அந்தத் துண்டின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், மரியாதைக்கு. ஆசிரியர் என்று போட்ட என் அட்டை வயிற்றின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. கையால் மூடிக்கொண்டேன்.

தனியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். அப்புறம் தோன்றியது, பெட்டி பழசு என்று சொன்னது எல்லார் முன்னாலும். "ஐயா, கூடத்துக்கு ஒரு நிமிஷம் வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு வகுப்பும் இருந்தது, அமைப்பாளர் அம்மாவும் இருந்தார்கள். எழுதி வைத்துப் படிக்கிற மாதிரி மனசுக்குள் வரிசைப்படுத்தியிருந்தேன். ஒன்றும் வரவில்லை. "எனக்குச் சுருதி சேக்கத் தெரியாது" என்றேன். எல்லாரும் ஏதோ வேடிக்கை சொல்கிறேன் என்று சிரித்தார்கள். போன வாரம் செவ்வாய்க்கிழமை சிரித்த அதே சிரிப்பு.

"நெசமாத்தான் சொல்றேன். இத்தனை வருஷமும் என் நாத்தனார் சேத்துக் குடுப்பா, நான் வாசிப்பேன். அவ துணைக்கு வந்தவ இல்ல. அவ போனதுக்கப்புறம் என் பிடில் இறங்கிக் கெடக்கு, எனக்குத் தெரியல. உங்க எல்லாரையும் என்கூடச் சேத்து இறக்கிட்டேன். ஐயா பெட்டியில ஒரு குறையும் இல்ல" என்றேன். யாரோ ஒருவர் பிடில் தந்தியில் தெரியாமல் விரல் பட்டு டொய்ங் என்றது, அதற்கு யாரும் சிரிக்கவில்லை. வாளியை எடுத்துக் கண்ணாடிப் பெண்ணிடம் கொடுத்தேன். "நீ சொன்னது சரிம்மா" என்றேன்.

இதோடு முடிந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். ஆர்மோனியக்காரர் வாசலில் என்னிடம் வந்தார். "நல்ல வேளை சொன்னீங்கம்மா. ஆனா நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். கையில் ஒரு ரீடு. பெட்டிக்குள் காற்றுப் பட்டுப் பாடுகிற பித்தளை நாக்கு இருக்குமே, அது. நம் பிடிலோடு ஒட்ட வைக்கலாம் என்று அதை அரத்தால் உரசியிருக்கிறார். ஒன்றைத்தான். உரசினதைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது. அவருடைய அப்பா வாசித்த பெட்டியாம். "பரவாயில்லம்மா, இனிமே அந்தக் கட்டைக்கு ஜலதோஷம்" என்று சிரிக்கப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீ சேர்த்து வைத்த பிடில் ஒரே ராத்திரியில் அத்தனை தூரம் எப்படி இறங்கியது என்றுதான் தெரியவில்லை. ஈரம் அப்படியா செய்யும்?

அண்ணி


ஜூன் 12, வியாழன்

அண்ணி,

ஈரம் இல்லை. நான்தான்.

அன்றைக்குக் கிளம்புவதற்கு முன்னால் உங்கள் பெட்டியைத் திறந்தேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். ஒரு தந்தியை மட்டும் தளர்த்தியிருந்தால் வில்லை வைத்ததுமே உங்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் நாலையும் இறக்கினேன், நாலையும் ஒரே அளவாக. தனியாக வாசித்தால் தெரியாது, எந்தக் கட்டையோடும் ஒட்டாது. சத்தம் வராமல் விரல் நுனியால் மீட்டி, பிடிலை என் தாடையில் ஒட்டிக் கேட்டுக் கேட்டுச் செய்தேன். எங்கள் அப்பா சொல்லிக் கொடுத்த வித்தையை அதற்குப் பயன்படுத்தினேன். முடித்த பிறகு அட்டையை மாட்டினேன்.

உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும், போன் வரும், "சுண்டு, வாடி" என்பீர்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. எத்தனை சுத்தமாகச் செய்திருக்கிறேன் என்று. போனும் வந்தது. நீங்கள் கூப்பிடுவது பிடிலுக்காக அல்ல என்று உங்கள் முதல் கடிதத்தில்தான் தெரிந்தது. தந்தி மெத்தென்று இருக்கிறது, ஈரம் என்று எழுதியிருந்தீர்கள். அப்போதே சொல்லியிருக்கலாம். "ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லையா" என்று சீண்டி எழுதினேன். ஒத்திகை வரைக்கும் போகட்டும் என்று எனக்குள் ஒருத்தி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

உங்களைத்தான் இறக்க நினைத்தேன். அவருடைய ரீடை அரத்தில் வைப்பேன் என்று நினைக்கவில்லை. அந்த அரம் என் கையில்தான் இருந்தது.

நீங்கள் எனக்குச் செய்தது வாயால் செய்தது, சிரிப்பில் போய்விட்டது. நான் உட்கார்ந்து, காதை வைத்துக் கேட்டு, அளந்து செய்தேன். எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். உங்கள் பேர் நிமிரட்டும். அமைப்பாளர் அம்மாவிடம் இந்தக் கடிதத்தையே காட்டலாம்.

சுண்டு


ஜூன் 12, வியாழன், சாயங்காலம்

அடியே சுண்டு,

பாவி. பாவி. பாவி.

நீ மட்டும் எதிரே இருந்திருந்தால் வில்லாலேயே ஒன்று வைத்திருப்பேன். அப்புறம் நாலையும் ஒரே அளவாக என்று எழுதியிருந்த இடத்தை இன்னொரு தடவை படித்தேன். படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன், அதுவும் சத்தமாக. அடுத்த அறையிலிருந்து என்ன விஷயம் என்று கேட்டார்கள். இருட்டில், சத்தம் வராமல், நாலையும்! அதை எனக்குச் செய்தாய் என்பது போகட்டும். அதைச் செய்கிறவளைத்தான் ஏதோ கூடச் சேர்ந்து இழுப்பாள் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதம் கையில் இருக்கும்போதே அமைப்பாளர் அம்மா வந்தார்கள். நேற்றிலிருந்து என்னிடம் பேசும்போது கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறார்கள், உடம்பு சரியில்லாதவளிடம் பேசுகிற மாதிரி. "கடைசி நாள் நீங்க வாசிக்க வேண்டாம்னு நெனச்சா சொல்லுங்கம்மா, வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்" என்றார்கள். அந்த நேரத்தில் காகிதத்தை நீட்டியிருந்தால் போதும். இந்தாங்க, படிங்க, என் தப்பு இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது.

"வாசிக்கிறோம்மா. ரெண்டு பேரும்" என்றேன். கடிதத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

எதற்கு அவர்களிடம் காட்டுவது? நீ இறக்கினது நிஜம். எனக்குத் தெரியாமல் போனதும் நிஜம். முதலாவதைச் சொன்னால் இரண்டாவதை எல்லாரும் மறந்துவிடுவார்கள், நானும் மறந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், "என் நாத்தனார் பண்ணின வேலையால..." என்று எங்கேயாவது சாப்பாட்டு மேஜையில் ஆரம்பிப்பேன். வேண்டாம்.

பிடிலை நானே சேர்க்கப் பார்த்தேன். ஆர்மோனியக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கட்டையை அழுத்திப் பிடித்தார், பொறுமையாக. முதல் பிருடையைத் திருகினேன், ஒட்டுகிற மாதிரி வந்து தாண்டிப் போனது. திரும்ப இறக்கினேன், திரும்பத் தாண்டியது. பட்டென்று தந்தி அறுந்து கன்னத்தில் பட்டது. "மொத நாள் எல்லாருக்கும் இப்படித்தான்மா" என்றார். இந்த வயதில் எனக்கு முதல் நாள். வேறு தந்தி போட்டு வைத்திருக்கிறேன், சேர்க்கவில்லை.

சனிக்கிழமை வா. முன்வாசல் வழியாக வா. பகலில் வா.

அண்ணி


ஜூன் 13, வெள்ளி

அண்ணி,

நீங்கள் காட்டிக்கொடுத்திருந்தால் வரமாட்டேன் என்று மனசைத் திடமாக்கி வைத்திருந்தேன். இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. நீங்கள் மறைத்தது தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை.

வருகிறேன். முதல் பஸ்ஸில் வருகிறேன், முன்வாசல் வழியாக. ஆனால் நீங்கள் பைக்குள் போட்டதை நான் வெளியே எடுப்பேன். உங்கள் பிடிலை யாரும் தொட வேண்டாம். கூடத்தில் எல்லார் முன்னாலும் அதை மடியில் வைத்துக்கொண்டு, எப்படி இறக்கினேன் என்று சொல்லிக்கொண்டே நாலு பிருடையையும் ஏற்றுகிறேன். ஏற்றி முடிக்கிற வரைக்கும் என்னை நிறுத்தக் கூடாது. குறுக்கே பேசக் கூடாது. அந்தக் கண்ணாடிப் பெண்ணை முன்னால் உட்காரச் சொல்லுங்கள், சேர்ந்துவிட்டதா என்று அவள் போனைப் பார்த்துச் சொல்லட்டும். எனக்கு அதில் வெட்கமில்லை. வேறு விஷயத்தில்தான் வெட்கம்.

ஆர்மோனியக்காரரிடம் கேளுங்கள், எந்தக் கட்டையின் ரீடை உரசினார் என்று. வழியனுப்பு மெட்டில் அந்தச் சுரம் வருகிற இடமெல்லாம் அவர் கையை எடுத்துக்கொள்ளட்டும். அதை மட்டும் நான் பிடிலில் பிடிக்கிறேன். கேட்கிறவர்களுக்குத் தெரியாது. அவர் என்னோடு வாசிக்கச் சம்மதிப்பாரா என்று எனக்குத் தெரியாது. சம்மதிக்காவிட்டால் அதற்கும் நான் தயார்.

அட்டை அங்கேதானே இருக்கிறது? அதை மாற்றி அச்சடிக்கச் சொல்லி அந்த அம்மாவைத் தொந்தரவு செய்யாதீர்கள். நான் செய்த காரியத்துக்கு "ஆசிரியர்" என்று போட்டுக்கொள்ள எனக்கு இப்போது கூசுகிறது. அதையே மாட்டிக்கொள்கிறேன்.

சுண்டு


ஜூன் 13, வெள்ளி, பால் வண்டி கிளம்பப் போகிறது

சுண்டு,

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீயே சொல்வதற்கு முன்னால் சொன்னேனே என்று கோபித்துக்கொள்ளாதே, முதல் தடவையாக மேடையில் கேட்டால் அவர் என்ன முகத்தை வைத்துக்கொள்வார்? பெட்டியின் துருத்தியை மூடினார், திறந்தார். அப்புறம், "மூணாவது வெள்ளைக் கட்டைன்னு சொல்லுங்கம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதே. எந்தக் கட்டை என்று சொன்னார், அதுதான்.

அட்டை உனக்குக் கிடைக்காது. காலையில் உன் கடிதம் வந்ததிலிருந்து "உடன் வந்தவர்" என் கழுத்தில்தான் இருக்கிறது. அதோடு வகுப்பு எடுத்தேன், அதோடு சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன். படித்தவர்கள் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம் தட்டைப் பார்த்தார்கள். தண்ணீர் நானே எழுந்து எடுத்துக்கொண்டேன்.

கயிறு கழுத்தை அறுக்கிறது. நீ எப்படி இரண்டு நாள் போட்டுக்கொண்டிருந்தாய்?

அண்ணி